மூன்று வயதில் இருந்த அறிகுறி ஏழு வயதில் இல்லை என்றால் ஆட்டிசம் போய்விட்டதா?

கேள்வி: 9 ஜூன் 2024

மகனுக்கு ஏழு வயது முடிந்தது. மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். அப்போது கண்ணைப் பார்க்க மாட்டான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கையை உதறுவான், ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். இப்போது இதில் ஒன்றும் இல்லை. சாதாரணப் பள்ளி, இரண்டாம் வகுப்பு, தமிழும் ஆங்கிலமும் வாசிக்கிறான். 'அதெல்லாம் சரியாகிவிட்டது, இன்னும் எதற்குத் தெரபிக்குக் காசைக் கொட்டுகிறீர்கள்' என்கிறார் மாமனார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நிறுத்திவிடலாமா? வளர்ந்த பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். (மதுரையிலிருந்து ஒரு அப்பா)

9 ஜூன் 2024, இரவு

நிறுத்தாதீர்கள். போகாது. இடம் மாறும், அவ்வளவுதான். என் மகனுக்குப் பதினாறு. நாளை பள்ளி திறக்கிறார்கள், ஏழு யூனிஃபார்ம் தைக்காமல் கிடக்கிறது. அப்புறம் வருகிறேன்.

11 ஜூன் 2024

திருச்சியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். பெரியவள் கல்லூரி. சின்னவனைப் பற்றித்தான் பேச்சு.

ஒன்றரை வயதில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் பேசவில்லை என்பது மட்டும்தான். அதைவிடப் பெரிய விஷயம் கண்ணெதிரே இருந்தது, ஒருவருக்கும் படவில்லை. அவன் எதையும் விரலால் சுட்டிக் காட்டியதே இல்லை. பிஸ்கட் டப்பா வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், கையைத் தூக்கி அலமாரிப் பக்கம் தள்ளுவான். முகத்தைப் பார்க்க மாட்டான். தொரட்டியை வைத்து மாங்காய் பறிப்பார்களே, அதுபோல. நான்தான் தொரட்டி.

மாமியார் வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினார். வசம்புக்கு 'பேர் சொல்லாதது' என்று ஒரு பெயர் உண்டு. பேர் சொன்னால் திரும்பாத பிள்ளைக்குப் பேர் சொல்லாத மருந்து! அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. 'குமரகுருபரரே ஐந்து வயது வரை பேசவில்லை, செந்தூர் முருகன்தான் பேச வைத்தான்' என்றார்கள். திருச்செந்தூருக்கும் போனோம். முருகன் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் எட்டு மாதம் போய்விட்டது. அதற்கப்புறம்தான் காது பரிசோதனை. தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டி எடுப்பார்கள், பெரா என்று பெயர். காது நன்றாகவே கேட்டது. பக்கத்து அறையில் சாக்லேட் தாளைப் பிரித்தால் ஓடி வருகிறவனுக்கா காது கேட்காது என்று நாத்தனார் முதலிலேயே சொன்னாள். அவள் சொல்லை யார் கேட்டோம்.

2011-இல், மூன்று வயதில், கையில் கொடுத்த தாளில் பி.டி.டி.-என்.ஓ.எஸ். என்று இருந்தது. ஆட்டிசக் குடும்பம்தான், ஆனால் எந்தக் குறிப்பிட்ட பிரிவிலும் அடங்காதது என்று அர்த்தம். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டைத் திருத்தியபோது அதையும், பேச்சு தாமதமாகாத ஆஸ்பெர்கர் என்ற வகையையும், இன்னும் சிலவற்றையும் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். எங்கள் அடுத்த தாளில் பெயர் வேறு. பிள்ளை அதே பிள்ளை.

14 ஜூன் 2024

மதுரை அண்ணா, 'கண்ணைப் பார்க்கிறான்' என்று எழுதியிருந்தீர்கள். எங்களவனும் ஆறு வயதில் பார்க்க ஆரம்பித்தான். தெரபி டீச்சர் கன்னத்தருகில் ஒரு ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டு 'இங்கே பார், இங்கே பார்' என்று பழக்கினார். நாங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். பத்து வயதில் அவனே ஒருநாள் சொன்னான்: "கண்ணைப் பார்த்தா நீ பேசுறது கேக்காது. மூக்குக்கு மேல பாத்துக்குவேன்." நான்கு வருடமாக நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் என் புருவ மத்தியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கை உதறலும் அப்படித்தான். நாலாம் வகுப்பில் பையன்கள் கேலி செய்ததும் நின்றுவிட்டது. நிற்கவில்லை, சட்டைப் பைக்குள் போய்விட்டது. என் தையல் மெஷினிலிருந்து நூல் சுற்றும் பாபின் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நாளெல்லாம் விரலில் உருட்டுவான். வாஷிங் மெஷினில் மாதம் இரண்டு மூன்று பாபின் கிடைக்கும்.

பேச்சு. நாலு வயதில் வந்த முதல் முழு வாக்கியம் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'. ரயில்வே ஜங்ஷனில் கேட்டது, குரல் ஏற்ற இறக்கம் மாறாமல். எல்லோரும் சிரித்தார்கள், திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். எங்களுக்குப் புரிய ஆறு மாதம் ஆனது: 'இங்கிருந்து கிளம்பலாம்' என்பதற்கு அவனிடம் இருந்த வாக்கியம் அது. கல்யாண வீட்டில் மேளம் தொடங்கினால் சொல்வான், டாக்டர் ஊசியை எடுத்தால் சொல்வான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதை எக்கோலேலியா என்கிறார்கள். முன்பெல்லாம் அர்த்தமில்லாத கிளிப்பேச்சு என்று அதை நிறுத்தப் பார்ப்பார்கள். இப்போது நல்ல ஸ்பீச் தெரபிஸ்ட்டுகள் அதில் என்ன சொல்ல வருகிறான் என்றுதான் தேடுகிறார்கள்.

பதினாறு வயதிலும் பதறினால் அதே வாக்கியம்தான் வருகிறது. இப்போது குரல் உடைந்துவிட்டதால் நிஜ அறிவிப்பு போலவே இருக்கிறது. போன மாதம் பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

15 ஜூன் 2024

பெரியவள் இதைப் படித்துவிட்டுத் திருத்துகிறாள்: "கை உதறல் பாக்கெட்டுக்குள்ள போச்சுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் மொட்டை மாடியில அரை மணி நேரம் உதறிட்டுத்தான் கீழ வர்றான். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. துணி காயப்போடப் போயிருக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

23 ஜூன் 2024

ஏழிலிருந்து பத்து வரை எங்களுக்கும் நல்ல காலம்தான். அதனால் மதுரை அண்ணாவின் மாமனாரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு வருடம் தெரபியை நிறுத்தினேன், மூன்றாம் வகுப்பில். காசும் ஒரு காரணம்.

அப்போது வேறொன்று தலை காட்டியது. கணக்கு வகுப்பில் டீச்சர் கோபத்தில் "இப்படித்தான் உட்காருவேன்னா வீட்டுக்குப் போ" என்றிருக்கிறார். இவன் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டு கிலோமீட்டர், நடுவில் ரயில்வே கேட். வாசலில் வந்து நின்று "போன்னு சொன்னாங்க" என்றான். பள்ளியில் ஒருவரும் கவனிக்கவில்லை. என்னிடம் டீச்சர் "மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே" என்றார். தெரியாது. மூன்று வயதுப் பிள்ளையிடம் யாரும் அப்படிக் குத்தலாகப் பேசுவதில்லை, அதனால் அது தெரியுமா தெரியாதா என்று பார்க்க வாய்ப்பே வருவதில்லை. எட்டு வயதில்தான் உலகம் ஒன்று சொல்லி வேறொன்றை நினைக்கத் தொடங்குகிறது.

இது என் கண்டுபிடிப்பு என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். அப்புறம் பார்த்தால் அந்த 2013 கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்: அறிகுறி சின்ன வயதிலிருந்தே இருக்கும், ஆனால் பழகுவதில் பிள்ளைக்கு முடிவதைவிட அதிகமாகச் சுற்றியுள்ளவர்கள் எதிர்பார்க்கத் தொடங்கும்வரை முழுதாக வெளியே தெரியாமல் போகலாம், பெரிய வயதில் கற்றுக்கொண்ட வழிகளால் மறைந்தும் இருக்கலாம் என்று. பையில் கிடந்த பாபின்தான்.

2 ஜூலை 2024

பதின்மூன்று.

இதை எழுத இரண்டு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

எங்களவனுக்குத் துணி பிடிக்கும். கடையில் வளர்ந்த பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து ரேயான், கிரேப், பாப்ளின் என்று சொல்வான். ஐந்து வயதில் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் துப்பட்டா நுனியைப் பிடித்துத் தடவினால் அவர்கள் திரும்பிச் சிரிப்பார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள். பதின்மூன்றில், மீசை அரும்பியபின், சத்திரம் பேருந்து நிலையம் போகும் பஸ்ஸில் அதே காரியத்தைச் செய்தான். ஷிஃபான். இரண்டே விரல். மூன்று ஆண்கள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்கள். அவன் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று கத்துகிறான், அவர்கள் கேலி செய்கிறான் என்று நினைத்து அறைகிறார்கள். நான் பின்னால் லேடீஸ் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்தான் கடைசியில் "விடுங்க, ஏதோ பிரச்சினை போல" என்றாள். பாவம், அவளும் பயந்திருந்தாள். அவள் பயந்தது நியாயம்தான்.

அவனிடம் எதுவும் மாறவில்லை. உயரம்தான் கூடியிருந்தது.

அன்றைக்கே வெட்டு மிச்சத்திலிருந்து ஒரு ஷிஃபான் துண்டை எடுத்து, ஓரம் பிசிறாமல் மடித்து அடித்து, பையில் வைத்தேன். 'அடுத்தவர் உடம்பில் இருக்கிற துணி அடுத்தவருடையது' என்று படம் வரைந்து அலமாரிக் கதவில் ஒட்டினோம். இதை ஐந்து வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சிரித்து ரசித்துவிட்டுப் பதின்மூன்றில் திடீரென்று குற்றம் என்றால் அவன் எப்படிப் புரிந்துகொள்வான்? சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள்: பதினைந்து வயதில் செய்தால் அடி விழும் என்கிற எதையும் ஐந்து வயதில் அழகு பார்க்காதீர்கள். கட்டிப்பிடிப்பது, மடியில் உட்காருவது, கதவைத் திறந்து வைத்துக் குளிப்பது எல்லாம் இதில் வரும்.

அதே வருடம் தூக்கம் கெட்டது. இரவு ஒரு மணி வரை விழிப்பு. கையைக் கடித்துக்கொள்வது நாலு வயதோடு போனது, திரும்ப வந்தது. எட்டு வயதில் வாரம் ஒரு மணி நேர உதவி போதுமாக இருந்தவனுக்குப் பதின்மூன்றில் வீட்டில் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

3 ஜூலை 2024

ஒருவர் வலிப்பு பற்றிக் கேட்டிருக்கிறார். எங்களவனுக்கு இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், சின்ன வயதில் ஒருமுறையும் பருவ வயதில் ஒருமுறையும் அது கூடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்தார். அதனால் திடீரென்று சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிட்டால் 'அவன் சுபாவம்' என்று விடாமல் காட்டிவிடுங்கள். தெரிந்த ஒரு பெண் பிள்ளைக்குப் பதினான்கில்தான் முதல் வலிப்பு வந்தது.

ஸ்டெம் செல் சிகிச்சை பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். ஆட்டிசத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட வைத்தியம் இல்லை. நகையை அடகு வைக்காதீர்கள்.

19 ஆகஸ்ட் 2024

முதல் நாள் நான் 'போகாது' என்று அடித்துச் சொன்னேன். சிலருக்குப் போகும் என்று கோவைத் தம்பி ஒருவர் தனியாக எழுதிச் சண்டை போட்டார். அவர் சொன்னது சரி. கனெக்டிகட் பல்கலைக்கழகத்து டெபோரா ஃபைன் குழு 2013-இல் 34 பேரைப் பற்றி எழுதியது: சின்ன வயதில் தெளிவாக ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவர்கள், பின்னாளில் அந்த அளவுகோலுக்குள் வராமல் போனவர்கள். ஆக, சிலருக்கு அந்தப் பெயர் கழன்றுவிடுகிறது. அவர்களிலும் சிலரிடம் கவனச் சிதறலும் பதற்றமும் பிறகு தெரிந்தன, அது வேறு.

எனவே திருத்தம்: பெரும்பாலானவர்களுக்குப் போகாது. மதுரை அண்ணாவின் மகன் எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஏழு வயதில் முடிவு கட்டாதீர்கள் என்பதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

20 ஆகஸ்ட் 2024

இன்னொன்றும் தோன்றியது. லியோ கானர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1943-இல் ஆட்டிசத்தை முதலில் விவரித்தபோது எழுதியது 11 பிள்ளைகளைப் பற்றி. 1971-இல் அதே 11 பேர் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார். பெரிய காப்பகங்களில் போட்டு மறந்தவர்கள் மங்கிப்போயிருந்தார்கள். முதல் பிள்ளையான டொனால்ட் டிரிப்லெட் மிசிசிப்பியில் ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், ஊர் ஊராகப் பயணம் போனார். 2023-இல் 89 வயதில் இறந்தார்.

எனக்குப் பிடித்த இடம் இது. சின்ன வயதில் கொஞ்சகாலம் அவரை ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். அவருக்கு எதையும் எண்ணிக்கொண்டே இருக்கிற பழக்கம். சும்மா எண்ணாதே என்று அவர்கள் தடுக்கவில்லை, உழும்போது சோள வரிசைகளை எண்ணச் சொன்னார்கள். எண்ணிக்கொண்டே உழுதார்.

இதைப் படித்த அன்று எங்களவனை பட்டன் எண்ணி ஜிப் கவரில் போட உட்கார வைத்தேன். பதினெட்டு பதினெட்டாக. ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டாம் நாள் "போர்" என்று எழுந்து போய்விட்டான். சரி, எல்லோரும் டொனால்ட் இல்லை.

1 நவம்பர் 2024

நேற்று தீபாவளி. நாலு வயதில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பான், நான் தலையணையை அடைத்துக்கொண்டு கூடவே இருப்பேன். நேற்று அவனே காலை ஐந்து மணிக்குக் காது மூடி ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவைத் தாளிட்டு, வெளியே ஒரு தாளை ஒட்டிவிட்டான்: 'இரவு 8 மணிக்கு வருவேன். அதிரசம் வைக்கவும்.' வந்தான். சத்தம் அவனுக்கு இன்றும் அதே அளவு வலிக்கிறது. மூன்று வயதில் எடுத்த குறிப்பில் 'ஒலி ஒவ்வாமை: அதிகம்' என்று இருக்கும், இன்றைக்கு எடுத்தால் 'சமாளிக்கிறான்' என்று எழுதுவார்கள்.

17 நவம்பர் 2024

இந்த இழையில் முழுக்க மகன் மகன் என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். தங்கை மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்குப் பேச்சு சரியான வயதில் வந்தது. கூச்ச சுபாவம், நல்ல பிள்ளை, முதல் ரேங்க். ஒரே ஒரு தோழி. அந்தத் தோழி எப்படிச் சிரிப்பாளோ அப்படியே சிரிப்பாள், எப்படித் தலையைச் சாய்ப்பாளோ அப்படியே. ஏழாம் வகுப்பு முடிந்து அந்தத் தோழி வேறு ஊருக்குப் போனாள். எட்டாம் வகுப்பில் இவள் பள்ளிக்குப் போகவே மறுத்தாள். வாந்தி, தலைவலி, ஸ்கேன், வயிற்று டாக்டர். ஒரு வருடம் அலைந்து கடைசியில் மனநல மருத்துவர்தான் ஆட்டிசம் என்று சொன்னார். தங்கை என்னிடம் அழுதாள்: "உன் வீட்டுல ஒண்ணு இருந்தும் என் வீட்டுல எனக்குத் தெரியலையேக்கா."

எனக்கும் தெரியவில்லை. பதின்மூன்று வருடம் வாராவாரம் பார்த்த பிள்ளை. என் மனதில் ஆட்டிசம் என்றால் ஃபேனைப் பார்க்கும் பையன் என்ற படமே பதிந்திருந்தது. பெண் பிள்ளைகள் மற்றவரைப் பார்த்துப் பார்த்து நடித்துச் சமாளித்துவிடுகிறார்கள், அதனால் தாமதமாகத்தான் கண்டறியப்படுகிறார்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அவளுடைய அறிகுறி மாறவில்லை. பார்த்து எழுத முன்னால் இருந்த நோட்டு ஊருக்குப் போய்விட்டது.

அவள் என்னைவிடக் கறாராகச் சொல்கிறாள்: "பெரியம்மா, எனக்கு இப்ப வரல. இப்ப முடியாம போச்சு."

12 ஜனவரி 2025

மாற்றுத்திறனாளி சான்றிதழ் புதுப்பிக்கப் போனோம். நம் ஊரில் ஆட்டிசம் எவ்வளவு என்று ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள்: 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை, 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. எட்டு வயதில் 112, இப்போது 98. நடுத்தரத்திலிருந்து லேசான பிரிவுக்கு வந்துவிட்டான். மதிப்பெண் நல்லபடி இறங்கியிருக்கிறது. எட்டு வயதில் அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தைப்பேன். இப்போது அவன் தனியாகக் கடைக்குப் போனால் வரும்வரை தையல் கோணுகிறது.

அடுத்த வருடம் பதினெட்டு. அன்றிலிருந்து சட்டப்படி பெரியவன், அவன் கையெழுத்து அவனுடையது. ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்கான 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் பெற்றோர் பாதுகாவலராக விண்ணப்பிக்கலாம். எல்லோரும் போடு போடு என்கிறார்கள். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு, சொல்லச் சொல்ல எழுதித் தருபவரைச் சலுகையில் கொடுத்தார்கள். 'அது என் கையெழுத்து இல்லையே' என்று திருப்பி அனுப்பிவிட்டுக் கூடுதல் நேரத்தை மட்டும் வாங்கிக்கொண்டவன் அவன். பாதுகாவலர் வேண்டுமா என்று அவனையே கேட்டேன். "யோசிச்சு சொல்றேன்" என்றான். மூன்று வாரம் ஆகிறது.

16 ஜனவரி 2025

மதுரை அண்ணா எழுதியிருக்கிறார்: தெரபியை முழுக்க நிறுத்தவில்லை, மாதம் இரண்டாகக் குறைத்திருக்கிறார். அது நான் சொன்னதைவிட நல்ல யோசனை. பையன் வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் கட்டிலுக்கடியில் படுக்கிறானாம், விளையாட்டு என்று நினைத்தாராம். விளையாட்டாகவும் இருக்கலாம். அந்த அரை மணி நேரத்தில் யாரும் கூப்பிடாதீர்கள்.

9 பிப்ரவரி 2025

சட்டை லேபிள் பற்றிக் கேட்ட தோழிக்கு: மூன்று வயதிலிருந்து எங்களவனுக்குக் கழுத்து லேபிளும் ஓவர்லாக் நூலும் ஆகாது. நான் லேபிளைப் பிரித்துவிட்டு, உள்பக்கத் தையலைப் பருத்தித் துணிப் பட்டி வைத்து மூடித் தைப்பேன். கத்தரியால் வெட்டினால் அடிக்கட்டை நின்று இன்னும் குத்தும். தையல் பிரிக்கும் ஊசியால் ஒவ்வொரு கண்ணாக எடுக்க வேண்டும்.

நேற்று அவன் என்னிடம் கேட்காமல், பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டையின் லேபிளைத் தானே எடுத்திருக்கிறான். கத்தரியால். லேபிளோடு காலருக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குத் துணியும் வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு டியூஷனுக்கும் போய் வந்துவிட்டான். "பின்னாடி ஓட்டைடா" என்றேன். "குத்தல" என்றான்.

ஒட்டுப் போட அதே நிறத்தில் துணி தேடிக்கொண்டிருக்கிறேன்.